பொருள் வரும் முன்னே இடம் காலியாகட்டும்

பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் சொந்த வீடு, மாமியாரோடு சேர்த்து ஐந்து பேர், கொஞ்சம் நிலம் என்று எழுதியிருக்கிறீர்கள். போகிக்கு முன்னால் முதுகொடிய ஒழித்த வீடு சித்திரைக்குள் பழையபடி ஆகிவிடுகிறது. வீடியோ பார்த்து, மாதத்துக்கு ஒரு அறை என்று போட்ட திட்டமும் பாதியில் நின்றுவிட்டது. வருடம் முழுக்க வீட்டை ஒழுங்காக வைத்திருக்க என்ன வழி என்று கேட்கிறீர்கள்.

அந்தத் திட்டம் நின்றதற்கு உங்கள் சோம்பல் காரணமில்லை. வருடம் முழுவதும் ஒரே அளவில் பொருள் வந்து போகிற வீட்டுக்கு அது சரிப்படும். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக் குடும்பங்களில் பொருள் பருவத்தோடு வருகிறது. மாசி, பங்குனியில் புளி வரும். வைகாசி, ஆனியில் மாங்காயும் பள்ளிக்கூடப் புத்தகமும். ஆடியில் தள்ளுபடிச் சாமான், ஐப்பசியில் தீபாவளித் துணி, கார்த்திகை மார்கழியில் கேழ்வரகும் அவரையும், தை பிறந்தால் கல்யாண வரிசையும் தாம்பூலப் பைகளும். போகிக்கு நீங்கள் காலி செய்த மூலையில்தான் ஒரே மாதத்தில் புளி மூட்டை வந்து உட்கார்ந்திருக்கும்.

அதனால் அறையைக் கணக்கு வைக்காமல் பொருள் வருவதைக் கணக்கு வையுங்கள். அடுத்து எந்தப் பொருள் வீட்டுக்குள் வரப்போகிறதோ, அது வருவதற்கு இரண்டு வாரம் முன்னால் அதற்குரிய இடத்தை மட்டும் ஒழியுங்கள். ஒரு தடவைக்கு அரை நாள் வேலைதான் இருக்கும். அதோடு நிறுத்திவிடலாம், மற்ற இடங்களுக்கு அதனதன் மாதம் வரும்.

இதைத் தொடங்கும் முன் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆறு மாதமாகத் தொடாததை வெளியே போடு என்று பல வீடியோக்களில் சொல்கிறார்கள். நம் வீடுகளுக்கு அது ஒத்துவராது. ஒரு வருடத்துக் கேழ்வரகு, புளி, மிளகாய் எல்லாம் இருப்பு, அடைசல் இல்லை. மாரியம்மன் பண்டிகைக்கு மட்டும் இறங்கும் பெரிய அண்டாவும் அப்படித்தான். ஒரு பொருளைக் கையில் எடுத்தால், இது வருடத்தில் எந்த நாளில் வெளியே வரும் என்று கேட்டுப் பாருங்கள். பொங்கல், கெடா வெட்டு, பிள்ளையின் பரீட்சை என்று நாளைச் சொல்ல முடிந்தால் இருக்கட்டும். "எப்பவாவது உதவும்" என்பதற்கு மேல் பதில் வரவில்லை என்றால் அது போகவேண்டிய பொருள்.

சரி, மாசியிலிருந்து வருவோம். நம் மாவட்டங்களில் புளி உலுக்குவது பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுத்து வரும் புளிக்கு ஏனம் வேண்டும். அதனால் அதற்கு முன்பே சமையலறை மூலையிலும் கட்டிலுக்கு அடியிலும் இருக்கிற பானை, ஜாடி, டிரம் எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கழுவி வெயிலில் கவிழ்த்துவிடுங்கள். போன வருடத்துப் புளி கறுத்திருக்கும். கெட்டுவிட்டதென்று கொட்ட வேண்டாம். பூஞ்சையோ புழுவோ இல்லையென்றால் கைக்கெட்டும் இடத்தில் வைத்து, புதுசைத் தொடும் முன் அதைத் தீர்த்துவிடுங்கள். புதுப்புளியைக் கல்லுப்புக் கலந்து மண்பானையிலோ பீங்கான் ஜாடியிலோ அடையுங்கள். அலுமினியம், பித்தளை, செம்பு மூன்றையும் புளியின் அமிலம் அரிக்கும், அவை வேண்டாம். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும் என்பதால் வாயைத் துணி போட்டு இறுக்கிக் கட்ட வேண்டும்.

தானியம் வைக்கும் இடத்தில்தான் பெரும்பாலான வீடுகளில் பாதி டப்பாக்கள் வீணாக நிற்கின்றன. காரணம் மாவு. கேழ்வரகு பொடித் தானியம், நன்றாகக் காய்ந்திருந்தால் பூச்சி அவ்வளவாகத் தொடாது, வருடக்கணக்கில் நிற்கும். மாவாக அரைத்துவிட்டால் அந்தக் காவல் போய்விடும். ஒன்றிரண்டு மாதத்தில் வண்டும் நூலாம்படையும் வந்துவிடும். மில்லுக்குப் போகும்போது மொத்தமாக அரைத்துவிடுகிறோம், பாதி தீரும் முன் அடுத்த மூட்டையை அரைக்கிறோம், அப்படித்தான் அரைகுறை டப்பாக்கள் சேர்கின்றன. தானியமாக இருப்பு வைத்து, மாவை இரண்டு மூன்று வாரத்துக்கு மட்டும் அரையுங்கள். கேழ்வரகுக்கு, கம்புக்கு, அரிசி மாவுக்கு என்று ஆளுக்கொரு டப்பா போதும். அது கழுவிக் காய்ந்த பிறகுதான் அடுத்த அரைப்பு என்று வைத்துக்கொண்டால், மேடையில் பாதி இடம் தானாகக் கிடைக்கும்.

துவரை, அவரை, மொச்சை வேறு கதை. அவற்றில் வண்டு வயலிலேயே முட்டை வைத்துவிடும். டப்பா எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் உள்ளிருந்தே துளைத்துக்கொண்டு வெளியே வரும். நல்ல வெயிலில் காயவைத்து, சூடு ஆறிய பிறகு அடைப்பது நல்லது. செம்மண் கட்டிக் காயவைக்கும் பழக்கம் உங்கள் மாமியாருக்குத் தெரிந்திருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். மூட்டைகளைத் தரையில் நேராக வைக்காமல் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்குங்கள். சுவரின் ஈரமும் ஏறாது, கரையான் பிடித்தாலும் எலி நுழைந்தாலும் கண்ணில் படும். ஒவ்வொன்றின் மேலும் எந்த மாதம் வைத்தது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். இதற்காகப் புது டப்பா எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஒழுங்குபடுத்த டப்பா வாங்குவதில் தொடங்கினால், பழையதை ஒழிக்கும் முன்பே போச்சம்பள்ளிச் சந்தையிலிருந்து இன்னும் ஆறு டப்பா வீட்டுக்கு வந்துவிடும்.

வைகாசியில் பள்ளி திறக்கும் முன் புத்தக அலமாரி. முடிந்த வகுப்பு நோட்டுகளில் எழுதாத தாள்களைக் கிழித்துத் தைத்தால் வீட்டுக் கணக்குக்கு ஆகும், மிச்சம் பழைய பேப்பர்காரருக்கு. பாடநூல்களை அடுத்து அந்த வகுப்புக்கு வரும் பிள்ளைக்கு உடனே கொடுத்துவிடுங்கள். பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தை மட்டும் பிளஸ் டூ முடியும்வரை, நீட், ஜேஇஇ எழுதுவதாக இருந்தால் அதுவும் முடியும்வரை வைத்திருக்க வேண்டும். அந்தத் தேர்வுகளில் இரண்டு வருடப் பாடமும் வரும்.

ஆனியில் செய்யும் வேலை வீட்டுக்கு வெளியே. அழகுக்காகச் செய்கிற வேலை இல்லை இது. என் கணக்கில் வருடத்திலேயே முக்கியமானது இதுதான். நம் பக்கம் ஆவணி, புரட்டாசி, ஐப்பசியில்தான் நல்ல மழை. அதற்குள் கொல்லையிலும் மொட்டை மாடியிலும் கிடக்கிற உடைந்த குடம், பெயின்ட் டப்பா, தேங்காய்த் தொட்டி, பழைய டயர் எல்லாம் போக வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, சாக்கடையைத் தேடிப் போகாது. இப்படித் தேங்கும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அது முட்டையை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டி வைக்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டாலும் அந்த முட்டைகள் காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, அடுத்த தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆகையால் டிரம்மைக் கவிழ்த்தால் போதாது. வாரம் ஒரு முறை உள்பக்கத்தைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். ஃபிரிட்ஜின் பின்னால் அடியில் ஒரு தட்டு இருக்கும், அதையும் பாருங்கள்.

டிரம் என்றதும் நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013-ல் அது பயன்பாட்டுக்கு வந்தது. ஆனாலும் குடிக்க ஆற்றுத் தண்ணீர், புழங்க போர் தண்ணீர் என்று இரண்டும் பிடித்து வைக்கிற வீடுகள் நிறைய. இரண்டுக்கும் ஏனம் கலந்து போனால், எது எதற்கு என்று தெரியாமல் குடமாகச் சேர்ந்துகொண்டே போகும். குடிநீருக்கு ஒரே நிறத்தில் அல்லது எவர்சில்வரில் மட்டும் குடங்கள், அவை சமையலறையில். போர் தண்ணீர் டிரம் வெளியே, மூடியோடு. ஒரு முறை தண்ணீர் விட்டால் அடுத்த முறை விடும்வரை உங்கள் ஐந்து பேருக்கு எத்தனை குடம் ஆகிறது என்று பார்த்து, அதற்கு மேல் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டைக் குடத்தில் செடி வைக்கலாம் என்றால் அன்றைக்கே மண் போட்டு வையுங்கள். நாளைக்கு என்று விட்டால் அதில் மழைத்தண்ணீர்தான் நிற்கும்.

விறகு, ஓடு, செங்கல் அடுக்கைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் வீட்டிலிருந்து தள்ளி மாற்றுங்கள். தேளும் பாம்பும் அங்கேதான் தங்கும். எடுக்கும் முன் நீளக் கம்பால் தட்டிவிட்டு, காலில் செருப்போடு, பகல் வெளிச்சத்தில் எடுக்க வேண்டும். குழந்தைகளை அந்த வேலைக்கு அனுப்பாதீர்கள்.

ஆடியில் முகூர்த்தம் கிடையாது, பத்திரிகை வைக்கவும் யாரும் வரமாட்டார்கள். பதினெட்டாம் பெருக்குக்கு ஒகேனக்கல் போய்வந்த பிறகு கிடைக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பரணுக்கு ஒதுக்குங்கள். தள்ளுபடி விற்பனைக்குக் கிளம்புமுன் பரணைப் பார்த்துவிட்டால் கடையில் பாதிச் சாமான் தேவைப்படாது என்பதும் ஒரு லாபம்.

நம் வீட்டுப் பரணில் பெரும்பாலும் இரண்டு சாதிப் பொருள்தான். முதலாவது மின்சாதனம். 2006-க்குப் பின் அரசு வழங்கிய கலர் டிவி, 2011-க்குப் பின் வந்த மிக்சி, கிரைண்டர், மேசை மின்விசிறி, பிள்ளைகளுக்குக் கிடைத்த லேப்டாப் எல்லாம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் மேலே ஏறியிருக்கும். ஓடுவதைக் கீழே இறக்கிப் பயன்படுத்துங்கள், அல்லது தேவைப்படுகிற சொந்தத்துக்குக் கொடுங்கள். ஓடாத பழைய குண்டு டிவியை வீட்டில் உடைக்கவே கூடாது. அதன் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. புதுசு வாங்கும்போது பழையதை எடுத்துக்கொள்ளும் கடையாகப் பார்த்துக் கொடுப்பது நல்லது. உப்பிப் போன செல்போன், லேப்டாப் பேட்டரியைத் தகர ஷீட்டுக்கு அடியிலுள்ள பரணில் வைத்திருந்தால் இன்றைக்கே இறக்குங்கள், வெயில் சூட்டில் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

இரண்டாவது சீர்ப் பாத்திரம். இங்கேதான் நிதானம் வேண்டும். உங்கள் மாமியாரின் அண்டா, குண்டான், தவலைகளில் அவர் பெயரோ அவருடைய அப்பா பெயரோ வெட்டியிருக்கும். அதை எடைக்குப் போடலாமா என்று மருமகள் கேட்டால், எந்த விதமாகக் கேட்டாலும் அது வேறு மாதிரிதான் காதில் விழும். எல்லாவற்றையும் இறக்கி, கழுவி, கூடத்தில் பரப்பிவிட்டு, அவரை நாற்காலி போட்டு உட்காரச் சொல்லுங்கள். "அத்தை, இதில் எது எதை நாம் புழங்குவது?" என்று மட்டும் கேளுங்கள். எதைப் போடுவது என்ற கேள்வி உங்கள் வாயிலிருந்து வர வேண்டாம். பித்தளைக் குடம் ஒன்று வாசலில் பூ மிதக்க வரும், ஒரு தவலைக்கு வெள்ளீயம் பூசினால் பொங்கல் வைக்க ஆகும். மிச்சத்தில் சிலவற்றைப் பேத்திக்கென்று அவரே பெயர் சொல்லி எடுத்து வைப்பார், சிலதை மாற்றிக்கொள்ளலாம் என்று அவர் வாயாலேயே சொல்வார். பாத்திரக் கடைகளில் பழைய பித்தளை, எவர்சில்வரை எடைக்கு எடுத்துக்கொண்டு புதுசு கொடுப்பார்கள். நூறு பேருக்குச் சமைக்கும் பாத்திரம் இப்போது வாடகைக்கே கிடைக்கிறது, அதனால் பெரிய அளவில் ஒன்றிரண்டு போதும். இந்த வருடம் அவருக்கு மனம் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். பரணில் இடம் இல்லாவிட்டாலும் குடி முழுகாது.

அவர் பொருள் மட்டுமில்லை, நாளும் அவர் சொல்படி இருக்கட்டும். செவ்வாய், வெள்ளியில் வீட்டிலிருந்து பொருள் வெளியே போகக்கூடாது, விளக்கு வைத்த பிறகு யாருக்கும் எதையும் கொடுக்கக்கூடாது என்பது பல வீடுகளில் உண்டு. அதோடு மல்லுக்கட்டி ஒரு பயனும் இல்லை. பின்கட்டில் ஒரு சாக்கைத் தொங்கவிட்டு, போகவேண்டியதை எந்த நாளும் அதில் போடுங்கள். புதன், வியாழனில் சாக்கு வீட்டை விட்டுப் போகட்டும். பழைய இரும்பு, பிளாஸ்டிக் எடுப்பவருக்கு ஒன்று, ஊராட்சித் தூய்மைக் காவலர்களிடம் கொடுக்க ஒன்று என இரண்டு சாக்கு இருந்தால் பிரிக்கும் வேலையும் தனியாக இருக்காது.

மழை நாட்களில் வெளிவேலை ஓடாது. அப்போது உட்கார்ந்த இடத்தில் செய்யக்கூடியது காகிதம். ஒரு பழைய டிரங்குப் பெட்டி இருந்தால் நல்லது. மூலப் பத்திரம், தாய்ப் பத்திரங்கள், பிறப்பு இறப்புச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், நகைக்கடன் ரசீது எல்லாம் அதற்குள் தனித்தனி உறையில் இருக்கட்டும். பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றை இணையத்தில் மறுபடியும் எடுத்துக்கொள்ள முடியும். அதனால் அவற்றின் பத்து வருடத்து நகல்களைச் சேர்த்து வைக்கத் தேவையில்லை, கடைசியாக எடுத்தது ஒன்று போதும். மூலப் பத்திரம் அப்படியில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கிடைக்கும் என்றாலும் மூலம் தொலைந்தால் கடன் வாங்கவும் விற்கவும் அலைய வேண்டிவரும். லேமினேஷன் செய்யாமல், காற்றுப் புகாத உறையில், வசம்புத் துண்டு ஒன்று பக்கத்தில் போட்டு வையுங்கள். கடன் அடைத்த ரசீதும் தடையில்லாச் சான்றும் என்றைக்கும் தூக்கிப் போடக்கூடாதவை. மளிகைச் சீட்டு, பழைய மின்கட்டண அட்டை, கல்யாணப் பத்திரிகை எல்லாம் தாராளமாகப் போகலாம்.

ஆயுத பூசைக்கு எப்படியும் மண்வெட்டி, கொடுவாள், மோட்டார் ஸ்டார்ட்டர் எல்லாவற்றையும் துடைப்பீர்கள். அதற்கு முந்தின வாரம் மருந்து பாட்டில்களைப் பாருங்கள். தக்காளிக்கும் மாமரத்துக்கும் அடித்த பூச்சி மருந்தின் மிச்சம், தானிய மூட்டை இருக்கும் அதே அறையில் திறந்து கிடப்பதை நிறைய வீடுகளில் பார்த்திருக்கிறேன், பார்க்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது. வீட்டுக்கு வெளியே ஒரு சிறு பெட்டி, அதற்குப் பூட்டு, சாவி பெரியவர் ஒருவரிடம் மட்டும். காலி பாட்டிலை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரையும் தெளிப்பானிலேயே ஊற்றிவிட்டு, மறுபடி யாரும் புழங்காதபடி ஓட்டை போடுங்கள். எண்ணெய் ஊற்றவோ விதை போட்டு வைக்கவோ அந்தப் பாட்டிலை ஒருபோதும் எடுக்க வேண்டாம்.

துணிக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தீபாவளிக்கு எடுக்கப் போகும் முன் ஆளுக்கொரு அடுக்கைக் கீழே இறக்கி, போடாததைச் சாக்கில் போடுங்கள், பருத்தி கிழிசலைத் துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். பட்டுச் சேலைகளைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துப் பழைய வேட்டித் துணியில் சுற்றி, சில மாதத்துக்கு ஒரு முறை மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் சரிகை விட்டுவிடும். பாச்சை உருண்டை சரிகையில் நேராகப் படக்கூடாது.

இப்படி வந்தால் மார்கழிக் கடைசியில் மிஞ்சுவது ஒட்டடையும் கிழிந்த பாயும்தான். அந்தப் பாயையும் பழைய துடைப்பத்தையும் கொளுத்துங்கள், பிளாஸ்டிக், ரப்பர், டயர் மட்டும் நெருப்புக்குள் போகவே கூடாது. பிவிசி எரிந்தால் டையாக்சின் வெளியாகும்; அந்தப் புகையை முதலில் மூச்சில் வாங்குவது நெருப்பைச் சுற்றி மேளம் தட்டும் குழந்தைகள்தான். தையிலிருந்து சேரும் தாம்பூலப் பைகளுக்குக் கதவுக்குப் பின்னால் ஒரே ஒரு ஆணி அடித்து வைத்துவிடுங்கள். அதில் தொங்கும் அளவு போதும், கூடுதலாக வருவதை மாவு மில்லிலும் காய்கறிக் கடையிலும் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள்.

ஒசூர்ப் பக்கம் வாடகை வீட்டில் இருப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்குப் புளி மூட்டையும் கேழ்வரகு மூட்டையும் ஊரிலிருந்து பஸ்ஸில் வருகின்றன, பரணும் கிடையாது. ஊருக்குப் போய் வரும் நாளை வரத்து நாளாக எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் வீட்டில் மிச்சம் எவ்வளவு என்று பார்த்துவிட்டுப் போனால், அம்மா கட்டிக் கொடுப்பதில் எவ்வளவு வாங்குவது என்று தெரியும். தெலுங்கு, கன்னடம் பேசும் வீடுகளில் பெரிய ஒழிப்பு யுகாதிக்குத்தான், அவர்கள் மாசி வேலையை அதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

நீங்கள் கேட்டிருப்பது ஆனியில். எனவே இந்த ஞாயிறு உள்ளே எதையும் தொடாதீர்கள். மொட்டை மாடி, கொல்லை, டிரம்கள், விறகு அடுக்கு இவை நான்கும் முடியட்டும். வீட்டுக்காரரையும் பெரிய பிள்ளையையும் கூட்டிக்கொண்டால் மதியத்துக்குள் ஆகிவிடும். பின்கட்டில் சாக்கை அன்றைக்கே தொங்கவிடுங்கள். அப்புறம் மாமியாரிடம், ஆடியில் எந்த ஞாயிறு பரணை இறக்கலாம் என்று இப்போதே ஒரு பேச்சுப் போட்டு வையுங்கள். நாளை அவர் குறிக்கட்டும்.